குருவிச் சத்தத்துக்கு அடியில்

பழைய ரீல் டேப் ஓட்டத் தெரிந்த ஆள் தேவை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேலை, தாய்மொழி தமிழாக இருக்க வேண்டும். இப்படி ஒரு விளம்பரம் வாட்ஸ்அப்பில் வந்தால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? ரீல் ஓட்டுவதற்கு எதற்கய்யா தமிழ்? டேப்புக்குத் தாய்மொழி உண்டா? நான் முதலில் நினைத்தது, எவனோ ஏமாற்றப் பார்க்கிறான் என்றுதான்.

சந்தேகம் என் கூடப்பிறந்தது இல்லை, இந்த வளைகுடா மண்ணில் ஒட்டிக்கொண்டது. எலக்ட்ரீஷியன் வேலை என்று ஏஜென்ட் சொன்னான், வந்து இறங்கினால் சிமெண்ட் மூட்டை. சம்பளப் பேப்பரில் ஒன்று இருந்தது, கைக்கு வேறொன்று வந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் எப்படியோ முட்டி மோதி அபுதாபிக்குப் பக்கத்தில் முசஃபாவில் ஒரு சவுண்ட் சர்வீஸ் கம்பெனியில் ரிப்பேர் ஆளாக உட்கார்ந்துவிட்டேன். கல்யாணத்துக்கும் கம்பெனி விழாவுக்கும் வாடகைக்குப் போகிற ஸ்பீக்கர், மிக்ஸர் எல்லாம் அடிபட்டு என் மேஜைக்குத்தான் வரும். ஆனாலும் பழைய புத்தி போகவில்லை. "நீங்க உங்க நெழலப் பார்த்தாலும் ஐடி கார்டு கேட்பீங்க" என்பாள் என் மனைவி, விளாத்திகுளத்திலிருந்து.

அவளையும் சந்தேகப்பட்டுக் கேட்டிருக்கிறேன். போன லீவில் கிளம்புகிற அன்றைக்கு, வாசலில் டாக்ஸி நிற்க, ஒரு வார்த்தை கேட்டேன். அது என்ன வார்த்தை என்று இங்கே எழுதப் போவதில்லை. அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசுவது அளந்து பேசுகிற மாதிரி ஆகிவிட்டது.

விளம்பரம் கொடுத்தது அபுதாபியில் ஒரு வில்லாவில் தனியாக இருந்த வெள்ளைக்கார அம்மா. வயது எழுபதைத் தாண்டியிருக்கும். பள்ளிக்கூடத்தில் சங்கீத டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். வீட்டைக் காலி செய்துவிட்டு மகனோடு போய் இருக்கப்போகிறாராம், அதற்குள் அப்பாவுடைய ரீல்களை எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாற்ற வேண்டுமாம். பேச்சு ஆங்கிலத்தில்தான். நான் பாஸ்போர்ட் காப்பி கேட்பார் என்று எடுத்துப் போயிருந்தேன். அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தமிழில் ஏதாவது பேசுங்கள்" என்றார். என்ன பேச? "டீயில சீனி கம்மி" என்றேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார்.  இந்தக் கிழவி என்னை எதிலோ மாட்டிவிடப் பார்க்கிறாள் என்று முடிவே கட்டிவிட்டேன். ஆனாலும் வேலைக்கு ஒத்துக்கொண்டேன், என்னதான் இருக்கிறது என்று பார்க்காமல் விட மனசு வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கு ஒரு பெட்டிதான் கொடுப்பார். அதை முடித்தால்தான் அடுத்தது. பெட்டியின் மேல் வரிசை எண் எழுதியிருக்கும். அலமாரியின் உச்சியில் சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி இருந்தது, அதற்கு எண் இல்லை. "அது?" என்று முதல் நாளே கேட்டேன். "அது இப்போது இல்லை" என்றார். சரி, அங்கேதான் விஷயம் இருக்கிறது என்று குறித்துக்கொண்டேன்.

அவருடைய அப்பா ரெக்கார்டு தயாரிப்பாளர். பாடகர் இல்லை, வாத்தியக்காரரும் இல்லை. யார் வாசிக்க வேண்டும், எப்படி வாசிக்க வேண்டும், மைக் எங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்கிற ஆள். ரெக்கார்டு அட்டையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் பேர் வரும். ஐம்பதுகளில் அமெரிக்காவில் எக்ஸாட்டிக்கா என்று ஒரு வகை இசை ஓடியதாம். ஆபீஸ் விட்டு வந்தவர்கள் புதிதாக வாங்கிய ஸ்பீக்கருக்கு முன்னால் கிளாஸோடு உட்கார்ந்து, தாங்கள் ஏதோ தீவில் இருப்பதாக நினைத்துக்கொள்வார்கள். அவர்களுக்கு அலை வேண்டும், மழை வேண்டும், காட்டுப் பறவை வேண்டும், ஓரமாக முரசு வேண்டும். இவர் அதை எல்லாம் செய்து கொடுத்தார். இவர் செய்த இசைத்தட்டு ஒவ்வொன்றும் வீடு வீடாகப் போயிருக்கிறது.

செய்து கொடுத்தார் என்றால், உண்மையிலேயே செய்துதான் கொடுத்தார். ஒரிஜினல் ரீலில் ஒரு டேக்குக்கும் அடுத்த டேக்குக்கும் நடுவே நடக்கிற பேச்செல்லாம் அப்படியே இருக்கும். மழை என்பது தகரத் தட்டில் கொட்டுகிற அரிசி. அலை என்பது முரசுத் தோலில் பிரஷ்ஷால் இழுப்பது. காடு பற்றி எரிவது கண்ணாடித் தாளைக் கசக்குவது. பறவைகள் எல்லாமே ஒரே ஆள், டிரம் வாசிக்கிறவன், வாயாலேயே கத்துவான். "இது சாயங்காலப் பறவை, எனக்குக் காலைப் பறவை வேண்டும்" என்று தயாரிப்பாளர் நிதானமாகச் சொல்வது கேட்கும். உடனே காலைப் பறவை கத்தும். மூன்றாவது கூவலின் முடிவில் அதற்குத் தொண்டை லேசாக இடறும். அட்டையில் என்ன போட்டிருந்தது தெரியுமா? தீவின் கரையிலேயே பதிவு செய்தது! பெட்டிக்குள் இருந்த வேலைச் சீட்டுகளைப் பார்த்தால் தீவு, ஆப்பிரிக்கா, அரேபியா எல்லாவற்றுக்கும் ஒரே விலாசம், ஒரே ரூம். பக்கத்தில் கார் ஒர்க்‌ஷாப் போல. எரிமலைத் தீவுக்கு நடுவில் ஒரு டேக்கில் ஹாரன் அடித்தது.

நான் தனியாக உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தேன். ஃபிராடுப் பயல். ஆனால் காது இருந்தது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். அந்த ஒரு ரூமுக்குள் தூரத்தையும் பக்கத்தையும் அவர் காட்டியதை இன்றைக்கு இத்தனை மெஷின் வைத்துக்கொண்டு என்னால் செய்ய முடியாது.

இந்தியா என்று ஒரு தட்டு வந்தபோதுதான் கோபம் வந்தது. பத்துப் பேர் சேர்ந்து மந்திரம் சொல்கிறார்கள். எந்த ஊர் மந்திரம் என்று மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன். மொழியே இல்லை. வாய்க்கு வந்ததை அவரே எழுதிக் கொடுத்து, தேவாலயப் பாட்டுக்காரர்களைச் சொல்ல வைத்திருக்கிறார். "எங்களைப் பார்த்தால் எப்படித் தெரியுது உங்க அப்பாவுக்கு?" என்று அந்த அம்மாவிடம் கேட்டே விட்டேன். அவர் சண்டைக்கு வரவில்லை. "இந்தியாவை அப்போது அவர் பார்த்ததில்லை" என்று மட்டும் சொல்லி, என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தப் பார்வையும் எனக்குப் பிடிக்கவில்லை.

அறுபதுகளில் கிட்டார் பையன்கள் வந்தார்கள், தீவு முங்கிவிட்டது. கம்பெனி அவரை அனுப்பிவிட்டது. அப்புறம் லிஃப்டுக்கும் பல் டாக்டர் கிளினிக்குக்கும் பின்னணி இசை செய்து வயிற்றைக் கழுவியிருக்கிறார். எழுபதுகளில் இந்தப் பக்கம் எண்ணெய்ப் பணத்தில் ஹோட்டல் ஹோட்டலாக எழும்பியபோது, லாபியில் போடுவதற்குக் கேசட் செய்து தருகிறேன் என்று சவுதியில் அல் கோபாருக்கு வந்து இறங்கினார். அங்கிருந்து கடைசியில் அபுதாபி. எண் போட்ட பெட்டிகள் அல் கோபாரோடு முடிந்துபோயின. மிச்சம் இருந்தது சாம்பல் பெட்டி ஒன்றுதான்.

அதை அவரே ஏணி போட்டு எடுத்துக் கொடுத்தார். உள்ளே ஒரு பெரிய ரீலும் ஒரு கேசட்டும். "இதில் பேசுகிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று எனக்கு உள்ளது உள்ளபடி சொல்ல வேண்டும். இனிப்புப் பூசக் கூடாது. ரீல் இந்த வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. அடுத்த வாரம் உங்கள் மெஷினை இங்கே கொண்டுவாருங்கள்" என்றார்.

மெஷின் என்றால் காய்கறி வற்றல் போடுகிற மின்சாரப் பெட்டி. எழுபதுகளின் டேப்புக்கு ஒரு வியாதி உண்டு. மேல்பூச்சு ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும். லேசான சூட்டில் எட்டு மணி நேரமாவது காய வைத்துத்தான் ஓட்ட வேண்டும். ஐம்பதுகளின் டேப் கல்லு மாதிரி கிடக்கும், இதுதான் நோஞ்சான். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன் அந்த வேலையை.

ஒரு வாரம் விட்டால் கிழவி மனசு மாறிப் பெட்டியை ஒளித்துவிடுவாள் என்று தோன்றிவிட்டது. "என் மெஷினைத் தூக்க முடியாது, கம்பெனியில்தான் செய்யணும்" என்று புளுகி, அவர் தயங்கித் தயங்கிக் கொடுத்த ரீலையும் கேசட்டையும் வாங்கிக்கொண்டு நேராக முசஃபாவுக்குப் போனேன். ஞாயிறு மத்தியானம், கடையில் யாரும் இல்லை. எட்டு மணி நேரம் காய வைக்க வேண்டும். அதற்குள் போன் பண்ணி, திருப்பிக் கொண்டு வா என்று சொல்லிவிட்டால்? காய வைக்காமலேயே ரீலை மாட்டி ஓட்டினேன்.

முதலில் சுத்தமாகத்தான் ஓடியது. காற்றுச் சத்தம். நிறையப் பேர் கூடி நிற்கிற சலசலப்பு. ஃபோர்மேன் ஒருவன் ஹிந்தியில் கத்துகிறான்: "பாயி லோக், ஏக் ஏக் கர்கே ஆவ்! அப்னா காவ் கா குச் போலோ!" ஒவ்வொருத்தனாக வந்து ஊர் விஷயமாக ஏதாவது சொல்லுங்கள் என்கிறான். தயாரிப்பாளரின் குரல், அதே நிதானம், கொஞ்சம் கிழடு தட்டியிருந்தது. அப்புறம் ஒரு தமிழ்க் குரல், தட்டுத்தடுமாறிய ஹிந்தியில் கேட்கிறது: "பாயி, இது எப்போ போய்ச் சேரும்?" தயாரிப்பாளர், "என்ன கேட்கிறார்?" என்கிறார். ஃபோர்மேன் ஆங்கிலத்தில் சொல்கிறான்: "ரொம்பச் சந்தோஷமாம் சார்." உடனே அந்தப் பக்கம் திரும்பி, "ஜல்தி ஜல்தி, யல்லா, போலோ!" என்று சீக்கிரம் பேசச் சொல்லி விரட்டுகிறான்.

 எனக்கு விளங்கிவிட்டது. அந்தக் காலத்தில் கல்ஃபுக்கு வந்தவர்கள் முக்கால்வாசிப் பேருக்கு எழுத வராது. கேசட்டில் பேசி, லீவில் போகிறவன் கையில் கொடுத்தனுப்புவார்கள். எங்கள் தெருவுக்கே வந்திருக்கிறது. பத்துப் பதினைந்து கேசட் ஒரே பையில் போகும், மாறிவிடக் கூடாது என்று எடுத்த எடுப்பில் ஊர், தெரு, வீட்டு அடையாளம் எல்லாம் சொல்லிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார்கள். தொழிலாளர் கேம்புக்கு மைக்கோடு ஒரு வெள்ளைக்காரர் வந்து, ஊரைப் பற்றிப் பேசு என்றால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? அவர் தன் இசைக்கு ஒரு சத்தம் கேட்டார். அவர்கள் லெட்டர் போட்டார்கள்.

முதல் ஆள் பேச ஆரம்பித்தான். பரமக்குடிப் பக்கம், ஊர் சொன்னான். அப்போது ரீல் கீச்சிட்டது. நான் எட்டி நிறுத்துவதற்குள் பூச்சு உரிந்து, பழுப்புத் தூள் மேஜையெல்லாம் கொட்டியது. டேப் ஒன்றோடொன்று ஒட்டிப் பிய்ந்தது. மிச்சத்தைக் காய வைத்துப் பார்த்தேன், கையில் வெறும் பிளாஸ்டிக் பட்டைதான் வந்தது. என் வாழ்க்கையில் நான் கெடுத்த ரீல் அது ஒன்றுதான். பாவி, பாவி என்று என் தலையிலேயே அடித்துக்கொண்டேன்.

கேசட் மட்டும் மிச்சம். போட்டேன். லாபிக்காகச் செய்த இசை. உலோகக் கட்டைகளைத் தட்டுகிற மெல்லிய சத்தம், முரசுத் தோலின் அலை, அதற்கு மேலே குருவி. அதே குருவி! மூன்றாவது கூவலில் தொண்டை இடறுகிற அதே காலைப் பறவை. இருபது வருஷத்துக்கு முந்திய ரீலிலிருந்து எடுத்து ஒட்டியிருக்கிறார். அதற்கெல்லாம் அடியில் நம் ஆட்கள், ஏழு பேர், ஒருவர் பின் ஒருவராக வீட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஐந்தாவது ஆள் முதுகுளத்தூர்ப் பக்கத்து ஊர். கண்மாய்மேட்டுத் தெரு, ரெட்டைப் பனைக்கு எதிர்த்த வீடு என்றார். இளவயசுக் குரல்.

"ஏ புள்ள, நாந்தேன் பேசுறேன். நல்லாருக்கேன். பொறப்புட்ட அன்னைக்கு வாசல்ல நின்னு நாலு பேரு கேக்க ஒரு வார்த்த சொன்னேன்ல, வயித்துல இருக்கது எம்புள்ள இல்லைன்னு. அவன் சொன்னான் இவன் சொன்னான்னு கேட்டுக்கிட்டு, எவ்வாய் அழுகப் பேசிப்புட்டேன். அது எம்புள்ளதேன். லெட்டர்ல எழுதச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. நாலு பேரு முன்னால சொன்னத நாலு பேரு முன்னாலயே அழிக்கணும். அதேன் இங்க எல்லாரும் நிக்கையில சொல்றேன். நீயும் இத வீட்டுக்குள்ள வச்சுக் கேக்காத. டீக்கடையில குடுத்துப் போடச் சொல்லு. ஊரு கேக்கட்டும். ஆடி முடியவும் வந்துருவேன். வந்து ஓங்காலுல விழுகுறேன்."

எம்புள்ளதேன் என்கிற இடத்தில் குருவி கத்தியது. நான் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வெளியே போய் வெயிலில் நின்றேன். மனைவிக்குப் போன் போட்டேன். "என்ன, இந்நேரத்துக்கு? எதையாச்சும் செக் பண்றீங்களா?" என்றாள். இல்லை, சும்மாதான் என்றேன்.  நாலு பேர் முன்னால் மைக்கில் சொன்னவனுக்கு இருந்த தைரியம் எனக்கு அன்றைக்கு இல்லை.

அடுத்த ஞாயிறு அந்த அம்மா வீட்டில் நான் போட்ட சத்தம் கொஞ்சநஞ்சமில்லை. உங்க அப்பா திருடன், பிழைக்க வந்தவன் வீட்டுக்குப் பேசியதைத் திருடி ஹோட்டலில் போட்டுக் காசு பார்த்திருக்கிறார், வெட்கமாக இல்லையா என்று கேட்டேன். அவர் நான் ஓயும்வரை இருந்துவிட்டுத்தான் சொன்னார்.

கேசட் அல் கோபார் ஹோட்டல் லாபியில் ஓட ஆரம்பித்த சில நாளிலேயே ஒரு வெயிட்டர் தட்டோடு ஸ்பீக்கருக்குக் கீழே அசையாமல் நின்றுவிட்டானாம். தென்னிந்தியப் பையன். மேனேஜர் அதட்டியதற்கு, "ஒருத்தன் பொண்டாட்டிகிட்ட பேசிக்கிட்டிருக்கான், இத ஏன் இங்க போட்டிருக்கீங்க?" என்று அழுதானாம். தயாரிப்பாளருக்கு விஷயம் போனதும் அன்றைக்கே எல்லாக் கேசட்டையும் திரும்ப வாங்கிவிட்டார். கேம்புக்கு ஓடினார், கேம்ப் வேறெங்கோ மாறிவிட்டது, ஃபோர்மேன் போன இடம் தெரியவில்லை. வெயிட்டரை அதற்குள் வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அது எந்த மொழி என்று கேட்கக்கூட அவருக்கு ஆள் இல்லை. அதன் பிறகு அவர் எந்த ரெக்கார்டும் செய்யவில்லை. கடைசிவரைக்கும் அந்தப் பெட்டியை மட்டும் கூடவே வைத்திருந்தாராம்.

"அப்பா போன பிறகு நான் தேடினேன். ஒருவர் கேட்டுவிட்டு, இது தமிழ், ஏதோ பிரார்த்தனை என்று சொல்லிக் காசு வாங்கிக்கொண்டு போனார். அவர் முழுதாகக் கேட்கவே இல்லை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் உங்களை இத்தனை வாரம் சோதித்தேன். அந்தப் பொய் மந்திரத்துக்கு நீங்கள் கோபப்பட்டீர்களே, அன்றைக்குத்தான் இந்தப் பெட்டியைக் கொடுக்கலாம் என்று தோன்றியது" என்றார்.

அப்படியானால் இத்தனை நாள் அவர் என்னைச் சந்தேகப்பட்டிருக்கிறார்!  ரீலைக் கெடுத்ததைச் சொன்னேன். அவர் முகம் வாடிப்போயிற்று. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கம்ப்யூட்டரில் ஏறிப் பிழைத்த அந்த இரண்டு நிமிஷத்தைப் போட்டுக் காட்டினேன். ரொம்பச் சந்தோஷமாம் சார் என்று ஃபோர்மேன் சொல்கிற இடத்தில் நிறுத்தச் சொல்லி, மறுபடி போடச் சொன்னார். அந்த ஆள் கேட்டது, இது எப்போது போய்ச் சேரும் என்றுதான் என்று சொன்னேன். "அப்படியென்றால் அப்பாவுக்குத் தெரியாது" என்றார். ஆமாம், தெரியாது. முதல் தடவை கேட்கும்போதே அது என் காதில் விழுந்தது. கோபத்தில் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

ஏழு பேரையும் தேடுகிறேன் என்று அவரிடம் வாக்குக் கொடுத்தேன். ஐந்தாவது ஆளிடமிருந்து ஆரம்பித்தேன். முசஃபாவில் எந்த ஊர்க்காரனையும் இரண்டு டீக்கடைக்குள் பிடித்துவிடலாம். முதுகுளத்தூர்ப் பக்கத்து டிரைவர் ஒருவர் மாட்டினார். ரெட்டைப் பனை வீடா என்று யோசித்தார்.

"அந்தாளு சவுதியில சாரத்துல இருந்து விழுந்து செத்தவருல்ல. ஒடம்புகூட வரல, காயிதந்தேன் வந்துச்சு. அந்தம்மா இருக்கு. மகன் லோடு ஆட்டோ ஓட்டுறான். ஆனா ஒண்ணு, அவரு பொண்டாட்டி மேல சந்தேகப்பட்டுப் போனவருன்னு ஊருல இன்னமும் ஒரு பேச்சு உண்டு. ஏதாச்சும் சண்டைன்னா அந்தப் பயலுக்கு அப்பன் பேரச் சொல்லித்தான் அடிப்பானுக."

ஆடி பிறக்க ஒரு மாசம் இருக்கும்போது விழுந்திருக்கிறார். மகனுக்கு இப்போது நாற்பத்தைந்துக்கு மேல் இருக்கும். நம்பரை வாங்கிவிட்டேன்.

"தம்பி, நான் அபுதாபியிலருந்து பேசுறேன். உங்க அப்பா குரல் ஒரு கேசட்டுல இருக்கு."

"எங்கப்பன் செத்து எத்தன வருசமாச்சு தெரியுமா? வைய்யா போன."

மறுபடி போட்டேன். "என்ன, பரிசு விழுந்திருக்கா? ஓடிபி சொல்லணுமா? வேற எவனாச்சும் கேனப்பய கெடைப்பான், அவன்ட்ட போ." மூன்றாவது தடவை என்னை பிளாக் பண்ணிவிட்டான். அவனைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? நானாக இருந்தால் முதல் தடவையே கெட்ட வார்த்தையில் இறங்கியிருப்பேன். டிரைவருடைய போனிலிருந்து விலாசம் சொல்கிற துண்டை மட்டும் வெட்டி அனுப்பினேன். ரெட்டைப் பனைக்கு எதிர்த்த வீடு, ஏ புள்ள, நாந்தேன் பேசுறேன். அவ்வளவுதான்.

ஒரு மணி நேரம் கழித்து அவனே கூப்பிட்டான். குரல் வேறு மாதிரி இருந்தது. "அண்ணே, இத அம்மாவுக்குப் போட்டேன். அரிசி பொடைச்சிக்கிட்டு இருந்தவங்க, கேட்டதும் எந்திரிச்சு நின்னுட்டாங்க. இன்னும் உக்காரல. மிச்சத்துல என்னண்ணே சொல்றாரு?"

 அது அவன் அம்மாவுக்கு வந்த லெட்டர். "அம்மாகிட்ட கேளு தம்பி. அவங்க கேக்கணும்னா நான் இங்கருந்து போட்டுக் காட்டுறேன்" என்றேன். "ஏண்ணே, அப்பிடி என்ன சொல்லிருக்காரு?" என்று குரலை இறக்கினான். அவன் எதற்குப் பயந்தான் என்று எனக்குத் தெரியும். வாழ்நாள் பூராவும் ஊர் சொன்னதை அப்பனும் ஒரு தடவை தன் வாயால் சொல்லிக் கேட்க வேண்டி வருமோ என்று பயந்தான்.

ஞாயிற்றுக்கிழமை, வெள்ளைக்கார அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, போனை ஸ்பீக்கரில் போட்டேன். குருவியைக் குறைக்க எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் செய்து பார்த்திருந்தேன். குருவியை எடுத்தால் குரலும் சேர்ந்து போயிற்று. நல்ல ரீலைக் கெடுத்தவனுக்கு இதுதான் கிடைக்கும் என்று அப்படியே போட்டேன். அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும்தான். ஓங்காலுல விழுகுறேன் என்று முடிந்தது.

 மகன் ஓவென்று அழுதான். நடு வயசுக்காரன் அப்படி அழுது நான் கேட்டதில்லை. "அம்மா, கேட்டியாம்மா? கேட்டியா?"

"எனக்குத் தெரியாததையா சொல்லிட்டாரு?" என்றார் அந்த அம்மா. குரலில் அழுகை இல்லை, கோபம்தான் இருந்தது. "எனக்குத் தெரிஞ்சதத்தேன் சொல்றாரு. இத டீக்கடையில போடு. சத்தமாப் போடு. இன்னைக்கே போடு."

"டீக்கடையில சொல்லிட்டு வர்றேன், முழுசையும் அனுப்பிவைங்கண்ணே" என்று அவன் செருப்பு மாட்டிக்கொண்டு ஓடுகிற சத்தம் கேட்டது. இந்தப் பக்கம் வெள்ளைக்கார அம்மா என் முழங்கையைப் பிடித்து, என்ன சொல்கிறார், என்ன சொல்கிறார் என்று கேட்டுக்கொண்டிருந்தார். போனை வைக்கப் போனேன்.

"தம்பி, இருக்கீகளா?"

"இருக்கேம்மா."

"அங்க மணலு, மணலத் தவுர ஒண்ணுமில்ல, தல சாய்க்க ஒரு நெழலு இல்லைன்னு காயிதத்துல எழுதச் சொல்லியிருந்தாரு. அதுதேன் இத்தன வருசமா எம்மனசுக்குள்ள கெடந்து அரிச்சுச்சு." பிறகு கேட்டார். "இதுல குருவி கத்துதே. அப்ப மரம் இருந்துச்சா?"

கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு ரூமுக்குள், கார் ஒர்க்‌ஷாப்புக்குப் பக்கத்தில், டிரம் வாசிக்கிறவன் ஒருவன் வாயால் கத்திய குருவி அது. அந்த உண்மை எனக்கு மட்டும்தான் முழுதாகத் தெரியும்.

"இருந்துச்சும்மா" என்றேன். "நெறைய மரம்."

"அப்ப நெழல்ல நின்னுதேன் பேசியிருக்காரு" என்றார்.